கடலோரத்தில் ஓட்டுவதற்குப் பழைய டீசல் எஸ்டேட் கார் வாங்குவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஸ்டேஷன் வேகன் எனப்படும் எஸ்டேட் காரில், செடானைப் போலத் தாழ்வான, சாலையைப் பிடித்துக்கொண்டு ஓடும் உடலும், கூரை வரை திறந்துகொள்ளும் பெரிய டிக்கியும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. வலுவான டீசல் எஞ்சினும் அதோடு சேர்ந்துவிட்டால், ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் களைப்பின்றிப் போய்வர அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாத இந்த வண்டிகளைப் பழையதாக வாங்கும்போது, மற்ற ஊர்க்காரர்கள் பார்ப்பதை மட்டும் நாமும் பார்த்தால் போதாது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில், காரின் ஆயுளை எஞ்சினுக்கு முன்பே உப்புதான் தீர்மானிக்கிறது. ஆகவே இந்த விளக்கத்தில் உப்புக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எந்த வண்டி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தியாவில் இவ்வகைக் கார்கள் மிகக் குறைவாகவே விற்பனைக்கு வந்தன. 2017-இல் வந்த வோல்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, 2.0 லிட்டர் டி5 டீசல் எஞ்சினில் 235 குதிரைத்திறனும் 480 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை செல்லும். 2018-இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் இ 220 டி ஆல் டெரெய்ன் 194 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டரும் தருவது. அதன் டிக்கி மட்டும் 640 லிட்டர் கொள்ளளவு உடையது.

இவ்விரண்டும் பட்ஜெட்டுக்கு எட்டாவிட்டால் டிடிஐ எனப்படும் டீசல் எஞ்சின் கொண்ட ஸ்கோடா ஆக்டேவியா 2.0 டிடிஐ (143 குதிரைத்திறன்), ஸ்கோடா சூப்பர்ப் 2.0 டிடிஐ (177 குதிரைத்திறன்) ஆகியவற்றைப் பாருங்கள். இவை கண்டிப்பான பொருளில் எஸ்டேட் அல்ல என்றாலும், பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் கதவும், முறையே 590 லிட்டர், 625 லிட்டர் டிக்கியும் இருப்பதால் அந்தப் பயனை ஏறக்குறைய முழுமையாகத் தருகின்றன. முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது இந்த ஸ்கோடாக்களைத்தான், ஏனெனில் இவற்றைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகள் தென்மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். வோல்வோவோ பென்ஸோ வாங்க நினைப்பவர், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் எந்த ஊரில் இருக்கிறது, அங்கிருந்து நம் ஊருக்கு வண்டியைத் தூக்கிவர என்ன செலவாகும் என்பதை விலை பேசுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

படி 2: தேடும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

அருகில் கிடைக்கிறது என்பதற்காகக் கடலோர வண்டியையே வாங்கிவிடாதீர்கள். மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஓடிய கார், அதே வயதுடைய ராமேஸ்வரத்துக் காரைவிட அடிப்பாகத்தில் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பத்தாயிரம் கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தாலும் உள்நாட்டு வண்டியையே நான் தேர்ந்தெடுப்பேன். எஞ்சினின் தேய்மானத்தைப் பராமரிப்பால் சமாளிக்கலாம், அரித்துப்போன சேஸிஸை அவ்வாறு மீட்க முடியாது.

டெல்லி வண்டிகள் மலிவாக வருவதற்குத் தெளிவான காரணம் உண்டு. பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது; உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதிசெய்தது. அதனால் அந்த வயதை நெருங்கிய ஆக்டேவியாக்களும் சூப்பர்ப்களும் தெற்கு நோக்கி வரத் தொடங்கின. அங்கே உப்புக்காற்று இல்லை என்பது நமக்கு நன்மை. ஆனால் அந்த ஊர் ஆர்டிஓவிடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று பெற வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டுக்கான ஆயுள்கால வரியையும் வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும். விலையுயர்ந்த காருக்கு இந்த வரி லட்சக்கணக்கில் வரும் என்பதால், அதையும் கூட்டிய பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். புதுச்சேரி எண் கொண்ட கார்களுக்கும் இதே கணக்குதான்.

சென்னை வண்டி என்றால் 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தையும், தூத்துக்குடி வண்டி என்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் மனத்தில் வையுங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பார்த்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை தங்கியிருப்பது தெரிந்துவிடும்.

படி 3: நேரில் போவதற்கு முன் ஆவணங்கள்

வண்டி எண்ணை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா, இன்சூரன்ஸும் மாசுக்கட்டுப்பாட்டுச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்பவை அதில் தெரியும். அபராத இ-சலான் நிலுவையைத் தனியாகப் பார்க்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் கடிதமும், கடன் தீர்ந்ததைப் பதிவுசெய்யும் படிவம் 35-உம் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். சர்வீஸ் வரலாறு முழுமையாக இல்லாத வண்டியை, அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இந்தக் கட்டத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

படி 4: அடிப்பாகமும் டிக்கியும்

ஓர் எஸ்டேட் காரைப் பார்க்கப் போகும்போது முதலில் பின்கதவைத் திறவுங்கள். நம் கரையில் பெரிய டிக்கி கொண்ட வண்டியில் மீன் பெட்டி ஏறாமல் இருப்பது அரிது. ஐஸ் உருகி வடியும் நீரில் உப்பு கலந்திருப்பதால், அது கார்ப்பெட்டுக்குக் கீழே இறங்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியில் போய்த் தங்குகிறது. ஆகவே கார்ப்பெட்டை மட்டுமன்றி, அதன் கீழுள்ள பலகையையும் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். குழியின் நடுவிலுள்ள போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அது காய்ந்த உப்பு; தகடுகள் சேரும் விளிம்பில் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் துரு உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பல கார்களில் பின்புறத்து மின்னணுப் பெட்டிகளும் பேட்டரியும் இந்தப் பகுதியை ஒட்டியே இருப்பதால், இங்கே தேங்கும் ஈரம் தகட்டோடு நின்றுவிடுவதில்லை. வாசனைத் திரவியத்தின் நெடி தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பிறகு வண்டியை ஒரு வாட்டர் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் சிறு தொகையை நீங்களே கொடுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். மேலே ஏறியதும் இவற்றைப் பார்க்க வேண்டும்: எஞ்சினையும் சக்கர இணைப்புகளையும் தாங்கும் முன், பின் சப்ஃபிரேம்கள், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணங்கள், பிரேக் எண்ணெய்க் குழாய்கள், சைலன்சர் கிளாம்புகள், வயரிங் கனெக்டர்கள். கனெக்டர் முனைகளில் பச்சை படிந்திருந்தால் செம்பு அரிக்கப்படுகிறது; பின்னாளில் வரும், காரணம் பிடிபடாத மின்கோளாறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்கும். மேலோட்டமான செம்பழுப்பு நிறத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தாலோ, பொருக்கு உதிர்ந்தாலோதான் அஞ்ச வேண்டும். அடிப்பாகம் முழுவதும் அண்மையில் கறுப்பாக ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங் அடித்திருந்தால், அது பாதுகாப்புக்காகவும் இருக்கலாம், துருவை மறைப்பதற்காகவும் இருக்கலாம். எப்போது, எங்கே அடித்தார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள்.

பென்ஸ் ஆல் டெரெய்னில் நான்கு சக்கரங்களிலும் காற்றுச் சஸ்பென்ஷன் உண்டு. இரவு முழுவதும் நிறுத்திவைத்த வண்டி காலையில் ஒரு மூலையில் மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. இதைச் சரிசெய்வது செலவு மிகுந்த வேலை.

வண்டியை இதுவரை எந்த நீரில் கழுவினார்கள் என்றும் கேளுங்கள். மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருப்பதால், வாரம் தவறாமல் கழுவப்பட்ட வண்டிகூட ஒவ்வொரு முறையும் உப்பை வாங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

படி 5: குளிர்ந்த எஞ்சினைப் பார்த்தல்

“அண்ணே, நாங்க வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, வந்து பாத்துக்கிறோம்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கீழக்கரைக்காரரிடம் இதையே, அங்கே அண்ணனைக் குறிக்கும் ‘காக்கா’ என்ற சொல்லால் அழைத்துச் சொல்லலாம். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஒருமுறை ஓட்டியிருக்கிறார்கள், அதாவது குளிர்நிலைத் தொடக்கத்தை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் கூலன்ட்டைப் பாருங்கள். அது நிறமுள்ள தெளிவான திரவமாக இருக்க வேண்டும். துருநீர் போலக் கலங்கியிருந்தால் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். நம் ஊர் உப்பு நீர் எஞ்சினுக்குள் போயிருந்தால், அந்த வண்டியை வாங்காமல் விட அது ஒன்றே போதிய காரணம். ஆயில் கறுப்பாக இருப்பது டீசலில் இயல்பு. ஆனால் டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாசனையும் வந்தால், கரித்துகள் வடிகட்டியான டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் வேலை பலமுறை பாதியில் நின்று, எரியாத டீசல் ஆயிலில் கலந்திருக்க வாய்ப்புண்டு. குறுகிய தூரமே ஓடும் வண்டிகளுக்கு இது அடிக்கடி நேரும்.

ஸ்டார்ட் செய்ததும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, பெரும்பாலும் டர்போ அல்லது வால்வு சீல் காரணமாக இருக்கும். தொடர்ந்து வரும் வெண்புகை, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கோளாறையோ, உள்ளே கசியும் கூலன்ட்டையோ காட்டும். டிபிஎஃப் உள்ள பிஎஸ் 6 (இந்திய மாசு வரையறை) வண்டியில், சைலன்சர் முனையின் உட்புறத்தை எஞ்சின் ஆறிய பிறகு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி ஏறக்குறையச் சுத்தமாக வர வேண்டும். அடர்ந்த கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

படி 6: ஸ்கேனர்

வேகமான டீசல் கார்களுக்கு இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. காரின் மின்னணுப் பெட்டிகளைப் படிக்கும், அந்தக் காரின் பிராண்டுக்கு உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். பிழைக் குறியீடுகள், அவை அண்மையில் அழிக்கப்பட்டனவா, இன்ஜெக்டர்களின் திருத்த மதிப்புகள், டிபிஎஃப்பில் சேர்ந்துள்ள கரியின் அளவு, மீட்டரைத் தவிர்த்து மற்ற மின்னணுப் பெட்டிகளில் பதிவாகியுள்ள கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மென்பொருள் ரீமேப் செய்யப்பட்டிருக்கிறதா, அதாவது கூடுதல் திறனுக்காக மாற்றப்பட்டிருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கூடுதல் முறுக்குவிசையின் சுமை முழுவதும் கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ ஆகியவற்றின் மேல் விழுகிறது. ரீமேப் செய்த வண்டியைப் புதியவர்கள் வாங்க வேண்டாம் என்பது என் திடமான முடிவு.

ஸ்கோடா 2.0 டிடிஐயின் ஆறு கியர் டிஎஸ்ஜி (தானியங்கி கியர்பாக்ஸ்) அமைப்புக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், பில்லைப் பாருங்கள். ஸ்கோடாவிலும் வோல்வோவிலும் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும் என்பதால், மாற்றிய சான்று இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழித்துவிடுங்கள். வோல்வோ டி5-இல் பவர்பல்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது: ஒரு கம்ப்ரசர் 2 லிட்டர் தொட்டியில் காற்றை அடைத்துவைத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் டர்போவைச் சுழற்றிவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி தயங்கினால் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

படி 7: சாலையில்

ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை தேசிய நெடுஞ்சாலை 87-இல் போய் வருவது நல்ல சோதனை ஓட்டம். எஞ்சின் முழுச் சூட்டை அடையவும், சீரான வேகத்தில் அதிர்வுகளைக் கவனிக்கவும் அந்தத் தூரம் போதும். நண்பகலில் போங்கள், ஏசியை முழுதாக வைத்து, திரும்பி வந்தபின் சிறிது நேரம் ஐடிலில் நிறுத்தி, வெப்பமானி அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். காற்றுக்கு எதிரே நிற்கும் ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகளை உப்பு எளிதில் தின்றுவிடும் என்பதால், குளிர்ச்சி குறைந்திருந்தால் “கேஸ் மட்டும் போட்டால் போதும்” என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் ஓர் இரவில் படியும் மேல்துரு இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். டிஸ்க் குழிவிழுந்தோ, ஓரம் தடித்து நின்றோ இருந்தால் மாற்ற வேண்டும்.

படி 8: பணமும் பெயர் மாற்றமும்

கண்ட குறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் செலவு விசாரித்து, அந்தத் தாளை முன்வைத்து விலை பேசுங்கள். முதல் ஆண்டுப் பராமரிப்புக்கு வாங்கும் விலையில் ஏழில் ஒரு பங்கையாவது தனியே வைத்துக்கொள்ள முடியாவிட்டால், ஒரு படி கீழான வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராததற்கான கட்டணச் சலுகை) அவருக்கே உரியது என்பதால், அந்தச் சலுகைக்கான வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றிவிட்டு, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகு மெழுகு வகை ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங் அடியுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் அது உப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். தனுஷ்கோடிக்கு அரிச்சல்முனை வரை போய் வந்தால் மறுநாளே அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள், மீன் வாங்கி வருவதானால் மூடியுள்ள தெர்மோகோல் பெட்டியின் அடியில் விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு ஒன்றை டிக்கியில் நிரந்தரமாகப் போட்டுவையுங்கள்.