ஆஸ்டரிஸ்க் சர்வர்கள் டயல்பிளானைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைமை அலுவலகத்தில் அலுவலக போன்களை இணைக்கும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள் ஓடும் ஒரு சர்வர், கிளையில் இன்னொன்று. 1-ல் தொடங்கும் நான்கிலக்க எண்கள் இங்கே, 2-ல் தொடங்குபவை அங்கே. எல்லா எண்களையும் இரண்டு பக்கமும் எழுதாமல் தப்பிக்கத்தான் டயல்பிளானில், அதாவது எந்த எண்ணை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதும் கோப்பில், 'சுவிட்ச்' வரி இருக்கிறது. தன்னிடம் இல்லாத எண்ணை ஐஏஎக்ஸ்2 (ஆஸ்டரிஸ்க் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் நெறிமுறை) வழியே அடுத்த சர்வரிடம் அது கேட்கும்.

பலர் செய்யும் பெரிய தவறு, ஊழியர்களின் போன்கள் இருக்கும் கான்டெக்ஸ்டையே (டயல்பிளானின் ஒரு பகுதி) அப்படியே பகிர்ந்துவிடுவது. வெளியே பேசும் டிரங்க் இணைப்புக்கான வரிகளும் வழக்கமாக அதற்குள்தான் இருக்கும். பாஸ்வேர்ட் கசிந்தால் யாரோ வெளிநாட்டுக்குப் பேசுவார்கள், பில் உங்களுக்கு வரும். பகிர்வதற்கென்று தனி கான்டெக்ஸ்ட் எழுதுங்கள். அதில் உங்கள் சொந்த எக்ஸ்டென்ஷன்கள் (உள் எண்கள்) மட்டும் இருக்கட்டும். ஐஏஎக்ஸ்2 பயன்படுத்தும் 4569 யுடிபி போர்ட்டையும் எதிர் சர்வரின் ஐபிக்கு மட்டும் திறந்தால் போதும்.

அந்தத் தனி கான்டெக்ஸ்டில் சுவிட்ச் வரி கூடவே கூடாது. இருந்தால் என்ன ஆகும்? யாரிடமும் இல்லாத 3999-ஐ ஒருவர் அழுத்துகிறார். இந்த சர்வர் அந்த சர்வரைக் கேட்கும், அது திரும்ப இதையே கேட்கும், இப்படியே சுற்றும்.

அடுத்தது வரிசைக் குழப்பம். கோப்பில் மேலே எழுதியது முதலில் ஓடும் என்று நினைக்கிறோம். ஆஸ்டரிஸ்க் அப்படிப் பார்ப்பதில்லை: முதலில் அந்த கான்டெக்ஸ்டின் சொந்த வரிகள், அப்புறம் சுவிட்ச், கடைசியில்தான் இன்க்ளூட் (வேறொரு கான்டெக்ஸ்டை உள்ளே சேர்க்கும் வரி). உள்ளூர் எண்களை இன்க்ளூடில் வைத்து, சுவிட்சை நேரடியாக எழுதினால், பக்கத்து மேசைக்குப் பேசுவதற்கும் கிளையைக் கேட்டுவிட்டுத்தான் வரும். இணைப்பு அறுந்த நாளில் உள்ளூர் அழைப்பும் தாமதமாகும். சுவிட்சைத் தனி கான்டெக்ஸ்டில் போட்டு, அதைக் கடைசி இன்க்ளூடாகச் சேருங்கள். சரி, சொந்த வரிகளில் எந்த எண்ணுக்கும் பொருந்தும் பேட்டர்ன் (எண் வடிவம்) ஒன்று இருந்தால்? சுவிட்ச் பக்கமே போகாது.

எதிர்ப்பக்கம் கிடைத்த பதிலை ஐஏஎக்ஸ்2 வழக்கமாகப் பத்து நிமிடம் நினைவில் வைத்திருக்கும், 'அப்படி எண் இல்லை' என்ற பதில் உட்பட. கிளையில் 2045-ஐச் சேர்ப்பதற்கு முன்பே இங்கிருந்து அழைத்துப் பார்த்திருந்தால், சேர்த்த பிறகும் கொஞ்ச நேரம் கிடைக்காது. அதற்குள் அவசரப்பட்டு, சரியாக இருக்கும் வரிகளை மாற்றிவிடாதீர்கள். 'ஐஏஎக்ஸ்2 ஷோ கேஷ்' கட்டளையில் அந்த எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.