வீட்டில் பீர் காய்ச்ச புரொப்பேன் பர்னர்: பெட்டியில் போட்ட பி.டி.யு.வை நம்பலாமா?

அமெரிக்கா வந்த புதிதில் என் முதல் பீரைச் சமையலறை அடுப்பில்தான் காய்ச்சினேன். 30 லிட்டர் பானையை இரண்டு பர்னர்மேல் குறுக்காக வைத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். ஓரத்தில் குமிழி வந்ததே தவிர, தளதளவென்று கொதிக்கவே இல்லை. மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்புச் சாறான வோர்ட், மூடி போடாமல் ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்க வேண்டும். அப்போதுதான் அதில் போடும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு இறங்கும். வேகவைத்த சோளம் மாதிரி ஒரு வாடை இருக்கிறதே, அதுவும் ஆவியோடு போகும். அதற்குத்தான் வெளியே வைக்கும் புரொப்பேன் கேஸ் பர்னர்.

சட்டம் பற்றி ஒரு வரி. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் இங்கே சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம், அங்கே முயல வேண்டாம்.

படி 1: எவ்வளவு சூடு வேண்டும்?

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் 5 கேலன், அதாவது 19 லிட்டர் பீர் காய்ச்சுவார்கள். ஆவியாகிப் போவதையும் சேர்த்தால் கொதிக்க வைக்க வேண்டியது ஏறக்குறைய 25 லிட்டர். 15 டிகிரி குழாய்த் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர சுமார் 8,500 பி.டி.யு. (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு) தேவை. ஆனால் பர்னர் தரும் சூட்டில் பாதிக்கு மேல் பானையைச் சுற்றிக் காற்றோடு போய்விடும். ஆகவே மணிக்கு 60,000 பி.டி.யு. தரும் பர்னரில் 20 நிமிடம் ஆகும், 30,000-இல் 40 நிமிடம்.

60,000 தாராளம். பெட்டியில் ‘2,00,000’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மயங்காதீர்கள். அது ரெகுலேட்டரை முழுக்கத் திறந்தால் வருகிற கணக்கு. கல்யாண மண்டபத்து அடுப்பை வைத்து ஒரு டம்ளர் பால் காய்ச்சுகிற கதைதான்.

படி 2: சிம்மில் நிற்குமா?

என்னைக் கேட்டால், காசு கொடுக்க வேண்டியது இதற்குத்தான். கொதி வரும் நேரத்தில் வோர்ட் பால் மாதிரி சட்டென்று பொங்கும். அந்த நொடியில் தீ கைக்கு அடங்க வேண்டும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் இருக்கிறதா பாருங்கள். 10 பி.எஸ்.ஐ. (PSI, அழுத்த அலகு) போதும், 20 இருந்தால் வசதி.

ஒற்றை ஜெட் பர்னர் மலிவு, ஆனால் பழைய பம்ப் ஸ்டவ் போல இரையும். தீயும் பானையின் நடுவிலேயே குத்தும். அகலமான வார்ப்பிரும்பு பாஞ்சோ பர்னர் சத்தம் குறைவு, சூட்டையும் பரப்பும்.

வான்கோழி பொரிக்கும் பர்னர் மலிவாகக் கிடைக்கிறதே என்று நானும் ஒன்று வாங்கினேன். அதில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேஸை நிறுத்திவிடும் பாதுகாப்பு டைமர். எண்ணெய்ச் சட்டிக்கு அது அவசியம். எனக்கோ, ஹாப்ஸை எடைபோட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அடுப்பு அணைந்து கிடக்கும். டைமர் உள்ளதை வாங்காதீர்கள். வாங்கிவிட்டு டைமரைக் கழற்றவும் கூடாது.

படி 3: ஸ்டாண்ட்

பானையும் வோர்ட்டும் சேர்ந்தால் 30 கிலோவைத் தாண்டும். கால்கள் அகன்று, கைவைத்து ஆட்டினால் அசையாமல் இருக்க வேண்டும். சுற்றிலும் காற்றுத் தடுப்பு இருந்தால் நல்லது. உயரமான ஸ்டாண்ட் வேண்டாம், கொதிக்கும் பானையை யார் தூக்குவது?

படி 4: இணைப்பதும் பற்றவைப்பதும்

திறந்த வெளியில் மட்டும் வையுங்கள். கதவைத் திறந்து வைத்த கராஜும் கூடாது, மர டெக்கும் கூடாது. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கசியும் புரொப்பேனோ காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும்.

ஹோஸை மாட்டியதும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால் உள்ளிருக்கும் பாதுகாப்பு அமைப்பு கசிவு என்று நினைத்து கேஸ் வரத்தைக் குறைத்துவிடும். தீ அகல்விளக்கு அளவுக்குத்தான் எரியும். இது தெரியாமல் நான் பர்னர் பழுது என்று திருப்பி அனுப்பவே கிளம்பிவிட்டேன். அப்படி ஆனால் எல்லாவற்றையும் மூடி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி மெல்லத் திறந்தால் போதும்.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பானையில் கரி அப்பும், காற்றுத் துளையின் மூடியைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

20 பவுண்டு சிலிண்டர் 60,000 பி.டி.யு.வில் முழுத் தீயில் ஏழு மணி நேரம் வரும். காலியைக் கொடுத்து மாற்றி வாங்கும் சிலிண்டர்களில் பெரும்பாலும் 15 பவுண்டு கேஸ்தான் இருக்கும், எடை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே பீரில் இறங்க வேண்டாம். பானை இல்லாமல் 20 நிமிடம் எரியவிட்டால் புதுப் பெயிண்ட் நாற்றம் போகும். அப்புறம் 25 லிட்டர் வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறியபின் அளந்து பாருங்கள். எனக்கு நாலு லிட்டர் குறைந்தது. உங்களுக்கு எவ்வளவு குறைகிறதோ, அதைக் கூட்டித்தான் அடுத்த வாரம் பானையில் ஊற்ற வேண்டும்.