ஸ்பேம் வடிகட்டி: மதிப்பெண் வரம்பைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

ஸ்பேம் வடிகட்டி ஒவ்வொரு அஞ்சலுக்கும் சந்தேக மதிப்பெண் போடும்; வரம்பைத் தொட்டால் நிராகரிக்கும். ஸ்பேம் அதிகமாகிவிட்டது என்றதும் பலரும் முதலில் கைவைப்பது இந்த மதிப்பெண் வரம்பில்தான். 15ஐ 10 ஆக்கினால் ஸ்பேம் குறையும். கூடவே பில்லும் ஓடிபியும் காணாமல் போகும். கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய படிகளில் இருக்கும். கீழே உள்ளது போஸ்ட்ஃபிக்ஸோடு (அஞ்சலை வாங்கி அனுப்பும் மென்பொருள்) ஆர்ஸ்பேம்டி (ஸ்பேம் வடிகட்டி) ஓடும் சர்வருக்கானது.

முதலில் டிஎன்எஸ், அதாவது இணையப் பெயர்களுக்கு விடை தேடித் தரும் சேவை. ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் இலவசத் தடைப்பட்டியலும் டிஎன்எஸ் வழியாகத்தான் கேட்கப்படுகிறது. அதை 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் சரியான பதில் தராது. சோதிப்பது எளிது. 127.0.0.2 எப்போதும் பட்டியலில் இருக்கும் சோதனை முகவரி. அதைத் திருப்பி, 2.0.0.127 என்று ஸ்பேம்ஹாஸின் ஜென் பட்டியலில் (zen.spamhaus.org) தேடுங்கள். விடையில் 127.0.0.2 இருந்தால் நல்லது. 127.255.255.254 வந்தால் நீங்கள் பொது டிஎன்எஸ் வழியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஆர்ஸ்பேம்டி இதைப் புரிந்துகொண்டு மதிப்பெண் போடாமல் விட்டுவிடும். அதாவது பட்டியல் இருந்தும் இல்லாத மாதிரி. போஸ்ட்ஃபிக்ஸிலேயே பட்டியலைச் சேர்த்து, எந்தப் பதில் வந்தாலும் தடு என்று விட்டிருந்தால் நிலைமை மோசம்: வரும் அஞ்சல் அத்தனையும் திரும்பிப் போகும். அங்கே 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான விடைகளை மட்டும் ஏற்கும்படி எழுதுங்கள்.

தீர்வு, அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற சொந்த டிஎன்எஸ் மென்பொருளை நிறுவுவது. நிறுவிய பின்னும் அதே விடை வந்தால், அன்பவுண்ட் கேள்விகளை மறுபடி பொது டிஎன்எஸுக்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அதன் அமைப்பில் உள்ள ஃபார்வர்டு பகுதியை நீக்குங்கள்.

அடுத்து பேயஸ் பயிற்சி. பேயஸ் என்பது பழைய அஞ்சல்களின் சொற்களைக் கற்று, புதியது ஸ்பேமா என்று கணிக்கும் பகுதி. ஆர்ஸ்பேம்டியின் இயல்பு அமைப்பில், ஸ்பேம் 200, நல்ல அஞ்சல் 200 கற்ற பிறகுதான் பேயஸ் மதிப்பெண் போடவே தொடங்கும். ஸ்பேமை ஆயிரக்கணக்கில் ஊட்டிவிட்டு நல்லதை மறந்துவிடுவார்கள். பிறகு பேயஸ் ஏன் பேசவில்லை என்று தேடுவார்கள். பயனர்கள் எந்த மொழிகளில் எழுதுகிறார்களோ, அத்தனை மொழி நல்ல அஞ்சலும் பயிற்சியில் இருக்க வேண்டும்.

தினசரிப் பயிற்சியைப் பயனர்களின் கையே செய்யட்டும். டவ்காட்டில் (அஞ்சல்பெட்டிகளைக் காக்கும் சர்வர் மென்பொருள்) ஐமேப்சீவ் என்ற துணைக்கருவி மூலம், ஜங்க் கோப்புறைக்குள் போவதை ஸ்பேம் என்றும், அங்கிருந்து வெளியே வருவதை நல்லது என்றும் கற்பிக்கலாம். ஒரு விதிவிலக்கு கட்டாயம்: ஜங்கிலிருந்து குப்பைத்தொட்டிக்குப் போவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதை விட்டால், ஜங்கை ஒழுங்காகக் காலி செய்யும் நல்ல பயனரே ஸ்பேமை எல்லாம் ‘நல்லது’ என்று கற்பித்துக்கொண்டிருப்பார். பேயஸ் நாளாக நாளாக மந்தமானால் முதலில் இங்கே பாருங்கள்.

எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அந்த டொமைன் அனுமதி தந்திருக்கிறதா என்ற சோதனை) தோல்வியை மட்டும் வைத்து நிராகரிக்காதீர்கள். ஃபார்வர்டு ஆகிவரும் அஞ்சலில் அது இயல்பாகவே உடையும். டிகேஐஎம் (அஞ்சலில் உள்ள டிஜிட்டல் கையொப்பம்) பெரும்பாலும் தப்பும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் டிமார்க் முடிவுக்கு எடை கொடுங்கள்.

கிரேலிஸ்டிங் புதிதாக வருபவரைத் தற்காலிகப் பிழை சொல்லித் திருப்பி, மறுமுயற்சியில் ஏற்கும். ஐந்து நிமிடத் தாமதம் ஓடிபியைக் கொன்றுவிடும். ஆகவே எல்லாருக்கும் போடாமல், சந்தேக மதிப்பெண் (இயல்பு 4) தாண்டியவற்றுக்கு மட்டும் விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வரம்பு. இயல்பாக 6ல் ஸ்பேம் என்று குறிக்கும், 15ல் நிராகரிக்கும். நிராகரிப்பை, அனுப்பும் சர்வரின் இணைப்பு திறந்திருக்கும்போதே நிரந்தரப் பிழை சொல்லி முடியுங்கள். ஏற்றுக்கொண்டு பிறகு திருப்பினால், போலி அனுப்புநர் முகவரிக்குச் சொந்தக்காரரான யாரோ ஒரு அப்பாவியின் பெட்டி நிரம்பும். வரம்பைக் குறைப்பதானால் வாரத்துக்கு ஒரு புள்ளி போதும். 14க்கு இறக்கும் முன், பதிவேட்டில் 14க்கும் 15க்கும் நடுவே விழுந்தவற்றை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதில் ஒரு நல்ல அஞ்சல் இருந்தாலும் வரம்பு 15லேயே இருக்கட்டும். அந்த அஞ்சலுக்கு எந்த விதி அதிக மதிப்பெண் போட்டது என்று பார்த்து, அதன் எடையைக் குறையுங்கள்.