மார்கழி மழை எச்சரிக்கையைப் படிப்பது எப்படி? சிங்கப்பூரில் தரைக்கும் கடலுக்கும் ஒரு செய்முறை

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். மார்கழி பிறந்தால் மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் அதே பருவக்காற்று டிசம்பரில்தான் வலுக்கிறது. டிசம்பர், ஜனவரி ஈரமான பாதி. பிப்ரவரியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை வறண்ட பாதி. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனுக்குப் பொங்கல் கரும்பு வாங்கப் போகும் நாள்கள் அடைமழைக் காலத்தில்தான் விழுகின்றன.

எச்சரிக்கை வரும் விதமும் வேறு. ஊரில் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், புயலுக்குப் பெயர் இருக்கும். இங்கே கைப்பேசியில் இரண்டு வரிச் செய்தி வரும், அவ்வளவுதான். அந்த இரண்டு வரியைச் சரியாகப் படிக்கத் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்த விளக்கம்.

படி 1: வந்திருப்பது எந்த எச்சரிக்கை?

இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

முதல் வகை மெதுவானது. சைபீரியாவின் மேல் காற்றழுத்தம் கூடும்போது, அங்கிருந்து கிளம்பும் குளிர்க்காற்று தென்சீனக் கடல் வழியாகத் தெற்கே பாய்கிறது. வழியெல்லாம் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் பக்கம் வந்து கொட்டுகிறது. இதைத்தான் ‘மான்சூன் சர்ஜ்’, அதாவது பருவக்காற்று எழுச்சி என்கிறார்கள். ஒரு பருவத்தில் வழக்கமாக இரண்டு முதல் நான்கு முறை வரும். வந்தால் சில நாள்கள் நீடிக்கும். இதைச் சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் முன்கூட்டியே அறிவித்துவிடும்.

இரண்டாவது வகை, கனமழை எச்சரிக்கை. மழைமேகம் ராடாரில் தெரிந்த பிறகு வருவது. பெரும்பாலும் 15 முதல் 30 நிமிட அவகாசம்தான் கிடைக்கும். அதற்குள் மணல்மூட்டை தேடவோ காரை வேறிடம் கொண்டுபோகவோ முடியாது. எனவே மெதுவான எச்சரிக்கை வந்ததும் வேலைகளை முடித்துவிடுங்கள். வேகமான எச்சரிக்கை வந்தால் ஒதுங்கி நில்லுங்கள்.

எழுச்சி எவ்வளவு கொட்டும் என்பதற்கு ஓர் அளவு: 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரு நாள்களில் மட்டும் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் பெய்தது. அங்கே ஜனவரி முழுவதற்குமான சராசரியே 222.4தான். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வாசலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் வரைந்து, அதன்மேல் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஏறக்குறைய 13 ஊற்றியதாக நினைத்துப் பாருங்கள்.

படி 2: கைப்பேசியைத் தயார் செய்தல்

வானிலை அறிவிப்பு தரும் மைஈஎன்வி (myENV) செயலியை இறக்கி, வீடு இருக்கும் இடத்தையும் வேலையிடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமழை, திடீர் வெள்ளம் இரண்டுக்கும் அறிவிப்பை இயக்குங்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள எச்சரிக்கை டெலிகிராம் ஒளிவழியிலும் சேருங்கள்.

இவ்வளவு செய்தும் எச்சரிக்கை வரவில்லை என்பவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு செயலியைப் பின்னணியில் உறங்க வைத்திருக்கும்; அந்தச் செயலிக்கு மட்டும் அதை நிறுத்துங்கள். இரண்டு, டெலிகிராம் ஒளிவழியை என்றோ ஒலியடக்கி வைத்திருப்பீர்கள்.

படி 3: ராடார் படம்

ஆய்வகத்தின் இணையத்தளத்தில் 50, 240, 480 கிலோமீட்டர் என மூன்று அளவில் ராடார் படம் கிடைக்கும். எல்லாரும் 50ஐத்தான் திறக்கிறார்கள். மதிய இடிமழைக்கு அது போதும்; அந்த மேகம் அருகிலேயே உருவாகி அருகிலேயே கரைந்துவிடும். எழுச்சி மழைக்கு 240ஐத் திறந்து, படத்தை ஓடவிட்டு, வடகிழக்கில் கடல்மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் பட்டையாக நம்மை நோக்கி நகர்ந்தால் மழை நீளும். நடுவே ஒரு வெற்றிடம் தெரிந்து, மழை நின்று, வானம் கொஞ்சம் வெளுத்தாலும் ஏமாறாதீர்கள். பின்னால் அடுத்த பட்டை வரலாம். மழை விட்டுவிட்டது என்று கீழ்த்தள வாகன நிறுத்துமிடத்துக்குப் போய் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

படி 4: ஓதம்

ஓதம் என்பது கடல்மட்டம் ஏறி இறங்குவது. பலர் தவறவிடும் படி இது. நம் கால்வாய்கள் கடலில் போய் முடிகின்றன. கடல்மட்டம் ஏறியிருக்கும்போது கால்வாய்த் தண்ணீர் வெளியேற வழியின்றித் தேங்கும். மரினா அணைக்கட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடல் வற்றியிருந்தால் மதகுகளைத் திறந்து தண்ணீரை விட்டுவிடலாம். ஏறியிருந்தால் ஏழு ராட்சத பம்புகள் இறைத்துக் கொட்டுகின்றன. எல்லாக் கால்வாய்க்கும் அப்படிப் பம்பு கிடையாது. சிங்கப்பூர் நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் அதிகம். நாள்காட்டியில் அவற்றைக் குறித்துக்கொண்டு, அன்றைய ஓத அட்டவணையில் 3 மீட்டரை நெருங்கும் அல்லது தாண்டும் நேரத்தைப் பாருங்கள். எழுச்சியும் உயர் ஓதமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் தாழ்வான சாலைகளைத் தவிர்ப்பது நல்லது.

கால்வாய்களில் நீர்மட்ட உணரிகள் உண்டு. கால்வாய் 75 விழுக்காடு நிரம்பும்வரை வெள்ள அபாயம் குறைவு, 90 வரை மிதம், அதற்கு மேல் அதிகம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கால்வாய் எது என்று வெயில் நாளிலேயே கண்டுபிடித்து வையுங்கள்.

படி 5: மெதுவான எச்சரிக்கை வந்த அன்று

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வேலை குறைவு. துணி உலர்த்தும் மூங்கில் கழிகளை உள்ளே எடுங்கள். சன்னல் விளிம்பில் தொட்டி வேண்டாம். காற்று அதைக் கீழே நடப்பவர் தலையில் போடும். தாழ்வாரத்தின் வடிகால் துளையில் துளசி இலையும் பிளாஸ்டிக் உறையும் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் வேலை அதிகம். மணல்மூட்டையைப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் கல்போல் விறைத்துக்கொள்ளும். இரண்டு மூட்டைக்கு நடுவே இடுக்கு விழுந்து தண்ணீர் அதன் வழியாகவே வரும். வாயை மடித்து அடியில் திணித்து, செங்கல் அடுக்குவதுபோல் கீழ்வரிசை இணைப்பின்மேல் மேல்வரிசை மூட்டை உட்காரும்படி வையுங்கள். ஒவ்வொன்றையும் மிதித்துத் தட்டையாக்குங்கள். தண்ணீர் வரும் பக்கம் கனமான பிளாஸ்டிக் விரிப்பைத் தரையோடு சேர்த்துப் போடுங்கள். இத்தனையும் செய்துவிட்டுக் கழிவறைத் தரைத்துளையை மறந்துவிடுகிறார்கள். வெளிக்கால்வாய் நிரம்பினால் தண்ணீர் அந்தத் துளை வழியாக மேலே வரும். துணி சுற்றிய அடைப்பானை அழுத்தி, மேலே எடை வையுங்கள். அரிசி மூட்டைகளும் மின் இணைப்புப் பலகைகளும் தரையில் இருக்கக் கூடாது.

கட்டுமானத் தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது தோண்டிய பள்ளம். இரண்டு நாள் மழையில் ஊறிய பள்ளத்தின் சுவர், மழை நின்ற பிறகும் சரியலாம். மேற்பார்வையாளர் சோதித்துச் சொல்லும்வரை உள்ளே இறங்காதீர்கள்.

படி 6: சாலையில் தண்ணீர்

ஆழத்தை அளக்க நடைபாதை விளிம்புக் கல்லைப் பாருங்கள். அதன் உயரம் சுமார் 12 முதல் 15 செண்டிமீட்டர். கல் மறைந்துவிட்டால், ஓடும் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும் அளவை நெருங்கிவிட்டது என்று பொருள். 30 செண்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கலாம். கல் மறைந்த சாலையில் கால்வாய் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. திரும்பிப் போங்கள். வெள்ளத்தைத் தெரிவிக்க 1800-2255-782, உயிருக்கு ஆபத்து என்றால் 995.

படி 7: கடல்

சாங்கி, பிடோக் பக்கக் கரைகளில் வடகிழக்குக் காற்று நன்றாகவே அடிக்கும். கடல் முன்னறிவிப்பில் காற்று ‘நாட்’ கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர் வேகம். 11 முதல் 16 நாட்டில் அலை முகடு அடிக்கடி வெளுக்கும். 17ஐத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை முகடுதான். அந்தக் காட்சியைக் கண்டால் கயாக்கைக் கரையேற்றிவிடுங்கள்.

அலை உயரத்தைப் படிப்பதிலும் ஒரு பிழை நேர்கிறது. ‘1 மீட்டர்’ என்று போட்டிருந்தால், உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. தனி அலை ஒன்று அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்குகூட எழும். காற்றுக்கு எதிர்த்திசையில் நீரோட்டம் ஓடினால் அதே அலை செங்குத்தாகி, சிறு படகைக் கவிழ்க்கும். ஆகவே காற்றோடு நீரோட்டத் திசையையும் பாருங்கள்.

படகுத்துறையில் தூண்டில் போடுபவர்களுக்கு: கார்பன் தூண்டில் கழி மின்சாரத்தைக் கடத்தும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கழியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத் திரும்பலாம்.

மலேசியாவின் தியோமான் தீவுப் பக்கம் போகத் திட்டமிட்டால் மலேசிய வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் படியுங்கள். முதல் நிலையில் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர்வரை, சிறு படகுக்கு இதுவே ஆபத்து. இரண்டாம் நிலையில் 50 முதல் 60, அலை 4.5வரை. மூன்றாம் நிலை அதற்கும் மேல். எந்தக் கப்பலுக்கும் ஆகாது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் வராது என்று யாராவது சொன்னால், 2001 டிசம்பர் 27 அன்று ஜொகூரில் கரையேறிய வாமெய் சூறாவளியை நினைவுபடுத்துங்கள்.

கடலில் சிக்கினால் படகின் விஎச்எஃப் (VHF) வானொலியில் 16ஆம் அலைவரிசையில் அழையுங்கள். உயிர்காப்புச் சட்டையைக் கரையிலேயே போட்டுக் கட்டியிருக்க வேண்டும். அலையில் ஆடும் படகில் அதன் வாரை மாட்ட முடியாது.

பிப்ரவரியில் வானம் நீலமாகிவிடும், மழை அறிவிப்புகள் குறைந்துவிடும். காற்று மட்டும் அடங்காது. மழையில்லாத எழுச்சியும் உண்டு. எனவே கடலுக்குப் போகிறவர்கள் மார்ச் தொடக்கம்வரை முன்னறிவிப்பில் காற்று வரியைத் தினமும் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.