சிறுவயதுக் காயம் பட்டவர்களிடம் உணர்ச்சிக் கட்டுப்பாட்டை அளவிடும் முறை

சிறுவயதில் வன்முறையையோ புறக்கணிப்பையோ அனுபவித்த பெரியவர்களிடம் உணர்ச்சியைக் கையாளும் திறனை அளவிட, உளவியலாளர்கள் கிராட்ஸ், ரோமர் ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட 'டெர்ஸ்' (உணர்ச்சிக் கட்டுப்பாட்டுச் சிரமங்களின் அளவுகோல்) வினாத்தாளிலிருந்து தொடங்குவது நல்லது. அதிலுள்ள 36 கூற்றுகளுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படுவதால் மொத்தம் 36க்கும் 180க்கும் இடையில் அமையும். எண் கூடினால் சிரமமும் கூடுதல் என்று பொருள்.

உணர்வுகளைக் கவனிப்பதாகக் கூறுவது போன்ற 11 கூற்றுகளை, கூட்டுவதற்கு முன் தலைகீழாக்க வேண்டும்: 5 என்று குறித்திருந்தால் 1, 4 என்றால் 2. இதை மறந்தால் முழுக் கணக்கும் பொய்யாகிவிடும். மொத்தத்தோடு நின்றுவிடாமல் ஆறு உட்பிரிவுகளையும் தனித்தனியே பாருங்கள். ஒரே மொத்தம் பெற்ற இருவரில் ஒருவர் ஆத்திரத்தில் தம்மை அடக்க முடியாதவராகவும், மற்றவர் தாம் உணர்வது என்னவென்றே புரியாதவராகவும் இருக்கக்கூடும், அவ்விருவருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு.

கடந்தகால அனுபவத்தை, சிறுவயதுக் காயம் குறித்த 28 வினாக்கள் கொண்ட சுருக்க வினாத்தாளால் அறியலாம். அதை இரண்டாவதாகக் கொடுப்பதே என் பரிந்துரை. பழைய நினைவுகள் கிளறப்பட்டவுடன் கேட்கும் கேள்விகளுக்கு வரும் விடை அந்தக் கணத்தின் கலக்கத்தையும் சுமந்துவரும். எந்த வினாவையும் விட்டுவிடலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லி, மனநல ஆலோசகர் ஒருவர் அருகிலிருக்க ஏற்பாடு செய்யாமல் இதைத் தொடங்கவே கூடாது.

குறைந்த மதிப்பெண்ணையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். உணர்ச்சி மரத்துப்போனவர், தமக்குச் சிரமம் எதுவும் இல்லை என்று மெய்யாகவே நம்பி எழுதக்கூடும். வசதி இருந்தால், உணர்ச்சிக் கட்டுப்பாட்டின் உடல்சார் அறிகுறியாகக் கொள்ளப்படும் இதயத்துடிப்பு இடைவெளியின் மாறுபாட்டையும் ஓய்வு நிலையில் ஐந்து நிமிடம் பதிவுசெய்து விடைகளோடு ஒப்பிடலாம். ஆனால் அதை மட்டும் வைத்து எவரைப் பற்றியும் முடிவுகட்டக் கூடாது.