அமானுஷ்யப் பள்ளியில் ஒரு காதல் நாவல்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வேம்பயரும் (ரத்தம் குடிக்கும் காட்டேரி) ஓநாய் மனிதரும் படிக்கும் பள்ளி என்றால் கோட்டை, மெழுகுவர்த்தி, கறுப்பு அங்கி எல்லாம் வந்துவிடும். முதல் வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. இந்த வகை நாவல்களில் பாதித் தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. காதலர்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும் பள்ளியின் விதிகளாக இருந்தால்தான் கதைக்கு அந்தப் பள்ளி தேவை.

வெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் வேம்பயர் அழிந்துவிடும் என்பதை ஆதிகாலத்து விதி என்று பலர் நம்புகிறார்கள். 1897-இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலில் வேம்பயரான டிராகுலா பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்கிறார், பகலில் அவருடைய சக்திதான் குறையும். காலை வெளிச்சத்தில் அழிந்துபோகும் முடிவு 1922-இன் ஜெர்மன் மௌனப் படமான ‘நோஸ்ஃபெராட்டு’வில் வந்தது. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். வெயில் கொல்லும் என்றால் கணக்குப் போட்டாக வேண்டும். பள்ளி ஸ்காட்லாந்தின் எடின்பரோ பக்கம் இருந்தால் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 7 மணி நேரம், ஜூன் கடைசியில் ஏறத்தாழ பதினேழரை. குளிர்காலத்தில் நாயகனும் நாயகியும் ஊரைச் சுற்றலாம். ஜூனில் வகுப்பு, சாப்பாடு, சந்திப்பு அத்தனையும் ஆறரை மணி நேர இரவுக்குள் அடங்க வேண்டும். ஜூன் நெருங்க நெருங்க நேரம் சுருங்குகிறது, ஏக்கம் கூடுகிறது. வில்லன் இல்லாமலே கதையில் இறுக்கம் வந்துவிடும்.

பௌர்ணமியன்று ஓநாயாக மாறும் ஓநாய் மனிதர்களுக்கும் இதே கவனம் வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29½ நாள். 12 வாரக் கல்விப் பருவத்தில் இரண்டு அல்லது மூன்று பௌர்ணமிதான் வரும். சண்டைக்காட்சி தேவைப்படும்போதெல்லாம் முழுநிலவைக் கொண்டுவந்தால் வாசகர் பிடித்துவிடுவார். ‘நள்ளிரவில் பௌர்ணமி நிலா உதித்தது’ என்பதும் தவறு. அது சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி உதித்து, நள்ளிரவில் உச்சிக்கு வந்துவிடும். முதல் பௌர்ணமியின் தேதியைக் குறித்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.

அழைப்பு விதியை வீணடிப்பதுதான் பெரிய இழப்பு. ஸ்டோக்கரின் விதிப்படி, வீட்டில் இருப்பவர் ஒருவர் அழைக்காமல் வேம்பயர் முதல்முறை உள்ளே வர முடியாது. அழைத்துவிட்டால் பிறகு நினைத்தபோது வரலாம். விடுதியில் அந்த அதிகாரம் வார்டனுக்கா, அறையில் இருப்பவளுக்கா? அவளுக்கு என்றால், வாசற்படியில் அவன் நிற்க, அவள் ‘வா’ என்று சொல்லலாமா என்று யோசிக்கும் ஒரு நிமிடமே காதல் காட்சிதான். பலர் மூன்றாம் அத்தியாயத்திலேயே அவனை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, அவள் தூங்குவதைப் பார்க்க வைக்கிறார்கள். விதியும் உடைகிறது, அவன்மீது நம்பிக்கையும் போகிறது.

வயது விஷயத்தில் சமரசமே கூடாது. 300 வயதுக்காரன் 17 வயது மாணவியைக் காதலிப்பதை அழகான முகத்தால் மறைக்க முடியாது. பள்ளியை 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் படிக்கும் கல்லூரியாக்குங்கள். நாயகன் போன வருடம்தான் வேம்பயராக மாறியவனாக இருக்கட்டும். ஆசிரியர்–மாணவி காதலை விட்டுவிடுங்கள்.

‘விதித்த ஜோடி’, அதாவது இவனுக்கு இவள்தான் என்று விதியே முடிவுசெய்துவிட்டது என்று பிணைப்பு வைத்தால், அதை மறுக்க ஒரு வழியும் மறுப்பதற்கு ஒரு விலையும் வையுங்கள். இல்லையென்றால் நாயகி எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

வேம்பயர், ஓநாய் மனிதர் என்று அமானுஷ்ய இனங்களை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். தொடக்கத்துக்கு இரண்டு போதும்.

இருவரும் சேர்வார்கள் என்று நம்பித்தான் வாசகர் புத்தகத்தை எடுக்கிறார். அவனுக்குச் சாவில்லை, அவளுக்கு வயதாகும்: இந்தக் கேள்வியைக் கடைசி அத்தியாயத்தில் ‘அவளும் மாறினாள்’ என்று இரண்டு வரியில் முடிப்பது ஏமாற்று. 80,000 சொல் நாவலென்றால் முதல் 8,000 சொற்களுக்குள் சந்திப்பு, 40,000-க்குள் இந்தக் கேள்வி வந்துவிட வேண்டும். மாறினால் அம்மா கையால் சாப்பிட முடியாது, தம்பி கிழவனாவதைப் பார்க்க வேண்டும். மீதிப் பாதி நாவல் முழுக்க அவள் இதை எடைபோடட்டும்.