நேர்காணலின் தொடக்கப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு நிறுவனங்களில் நேர்காணல் பெரும்பாலும் வேலையைப் பற்றிய கேள்வியோடு தொடங்குவதில்லை. "வருவதற்குச் சிரமமாக இருந்ததா?", "சொந்த ஊர் எது?", "சனி, ஞாயிறுகளில் என்ன செய்வீர்கள்?" என்றுதான் பேச்சு ஆரம்பமாகிறது. இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது என்றாலும், இவரோடு ஒரே குழுவில் அமர்ந்து வேலை பார்க்க முடியுமா என்பதைக் கேட்பவர் இங்கேயே கணிக்கத் தொடங்கிவிடுகிறார். தமிழ்நாட்டிலிருந்து வரும் இளைஞர்கள் பலர், தொழில்நுட்பக் கேள்விகளுக்கு மாதக்கணக்கில் தயாராகிவிட்டு, இந்த எளிய இடத்தில் தடுமாறுகிறார்கள்.

பயணத்தைப் பற்றிக் கேட்டதும் சில்க் போர்டு சந்திப்பின் வாகன நெரிசலைப் புலம்பித் தீர்ப்பது முதல் தவறு. கேட்பவரும் அதே நெரிசலில் நொந்தவராதலால் சிரித்துத் தலையாட்டுவார்; ஆனால் இவர் தினமும் நேரத்துக்கு வந்து சேர்வாரா என்ற ஐயமும் அவர் மனதில் எழக்கூடும். "நன்றாக இருந்தது சார்" என்று மூன்று சொற்களில் முடித்துக்கொள்வதும் சரியன்று, ஏனெனில் அதற்குமேல் பேச அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. "ஆர்.வி. ரோட்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடத்துக்கு மாறி எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினேன், 2025 ஆகஸ்டில் அந்தத் தடம் திறந்ததிலிருந்து வருவது சுலபமாகிவிட்டது" என்றால், பேச்சும் நகரும், வழியை முன்கூட்டியே திட்டமிட்டவர் என்பதும் தெரியும்.

சொந்த ஊரைக் கேட்டால், கல்லூரியின் வேலைவாய்ப்புப் பயிற்சியில் மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தைத் தந்தையின் தொழிலில் தொடங்கிப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரை ஒப்பிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊரின் பெயரோடு, கேட்பவர் பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒரு செய்தியைச் சேர்த்தால் போதும். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு வந்தவர், "திருப்பூர், கல்லூரி விடுமுறைகளில் மாமாவின் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்திருக்கிறேன்" என்று சொன்னால், துணியில் குறை கண்டுபிடிப்பது பற்றி அடுத்த கேள்வி வராமலிருப்பதுதான் வியப்பு.

இந்த நகரத்துக்கே உரிய சிக்கல் மொழி. எதிரே இருப்பவர் தமிழர் என்று தெரிந்ததும் மகிழ்ச்சியில் தமிழுக்குத் தாவிவிட்டால், அதே மேசையில் இருக்கும் கன்னடக்காரரும் இந்திக்காரரும் வெளியே நிற்கிறார்கள். அவரே தமிழில் கேட்டாலும் ஒரு வரியில் தமிழில் பதில் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புவதே அவையறிதல். "கன்னடம் தெரியுமா?" என்ற கேள்விக்கு, "அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழே போதுமே" என்பது உண்மையாக இருந்தாலும் அந்த இடத்தில் சொல்லத்தக்கதன்று. கொஞ்சம் வருமென்றால் "ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தே" என்று கன்னடத்திலேயே சொல்லலாம்; அறவே வராதென்றால் வராது என்பதைப் பணிவாகச் சொன்னால் போதும். காவிரிப் பக்கம் பேச்சைத் தானாகக் கொண்டுபோகாதிருப்பது நல்லது.

பொழுதுபோக்கு என்றவுடன் "புத்தகம் வாசிப்பேன்" என்பவர், கடைசியாக வாசித்தது எது என்ற அடுத்த கேள்விக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் சேலம் சென்று ஞாயிறு இரவு திரும்புவதே வழக்கமென்றால், அதைச் சொல்வதில் இழப்பொன்றுமில்லை. பொய்யான மலையேற்றத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பெண்களிடம் "திருமணம் ஆகிவிட்டதா?" என்று கேட்பதை நான் இயல்பான பேச்சில் சேர்க்கமாட்டேன், அங்கே தவறு கேட்பவருடையது. சினந்துகொள்ளாமலும் குடும்ப விவரங்களை விளக்காமலும், "இந்த வேலை நேரத்துக்கு எனக்குத் தடை எதுவும் இல்லை" என்று அந்தக் கேள்வியின் உள்நோக்கத்துக்கு மட்டும் பதில் தரலாம்.

காணொளி நேர்காணலில் மற்றவர்கள் இணையும்வரை ஒலிவாங்கியை அணைத்துவிட்டு மௌனமாக இருப்பதும் பலர் செய்யும் பிழை. அந்த இரண்டு நிமிடங்களில் ஒரு வணக்கமும், குரல் தெளிவாகக் கேட்கிறதா என்ற விசாரிப்பும் போதுமானவை.

பேச்சு சுவையாகப் போகிறதென்று அதிலேயே தங்கிவிடுவதும் உண்டு. எதிரே இருப்பவர் உங்கள் ரெஸ்யூமைக் கையில் எடுத்தாலோ, "சரி, தொடங்கலாமா?" என்றாலோ, ஊர்க்கதை பாதியில் இருந்தாலும் அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.